எட்டாவது கிண்ணம் யாருக்கு?

கோப்பாயிலிருந்து ஏழரை பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு உதயகலாவின் ஒரு பழக்கம் நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவரின் மடியில் எழுத்துள்ள எது கிடந்தாலும் வாசிப்பாள். மருந்துச் சிட்டை, கலியாணக் காட், கடலை சுற்றிய தாள், எதுவானாலும் சரி. வாசித்த பிறகு சும்மா இருக்கவும் மாட்டாள். "உதிலை மாப்பிள்ளையின்ரை தகப்பன்ரை பேருக்கு முன்னாலை ஒரு எழுத்து விடுபட்டிருக்கு, கவனிச்சனீங்களோ?" என்று கேட்பாள். காட் கொண்டுபோகிறவருக்கு அன்றைய காலை கெட்டுவிடும்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. கலியாணம் பேசி வந்த இரண்டு இடத்திலும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டதைவிட அவள் கேட்ட கேள்விகள் கூடிப்போய்விட்டன என்று அண்ணன் கேதீஸ்வரன் இப்போதும் பகிடியாகச் சொல்வார். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். வளவின் பின்பக்கத்தில் அவர் வெங்காயமும் கத்தரியும் வைத்திருக்கிறார். முன்பக்கத்து அறை அவளுடையது.

பத்தொன்பது வயதில் செபநாயகம் நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்களைப் படியெடுக்கச் சேர்ந்தவள், நாலைந்து வருடத்தில் அதைவிடப் பெரிய வேலைக்கு வந்துவிட்டாள். யாராவது ஒரு காணியை விற்க வந்தால், அது உண்மையிலேயே அவருடையதுதானா என்று பார்க்க வேண்டும். கையிலிருக்கும் உறுதி எந்தப் பழைய உறுதியிலிருந்து பிரிந்தது, அது அதற்கு முந்திய எதிலிருந்து வந்தது, பிரிக்கும்போது எல்லைகள் மாறினவா என்று பதிவுக் கந்தோரின் தூசிக்குள் இருந்து தேடுவாள். கரவெட்டிக் காணி ஒன்றுக்குப் புது உறுதியில் வடக்கெல்லை ஒழுங்கை என்று இருந்தது. அறுபது வருடம் பழைய உறுதியில் அதே எல்லை வாய்க்கால். இடையில் வாய்க்கால் எங்கே போனது என்று அவள் கேட்ட ஒரு கேள்வியால் சகோதரர் இருவர் வழக்குக்குப் போகாமல் தப்பினார்கள். அன்றிலிருந்து செபநாயகம் அவள் பார்க்காத உறுதியில் கையெழுத்து வைப்பதில்லை.

போன வருடம் மழை விட்ட கையோடு ஊரெல்லாம் சிக்குன்குன்யா. உதயகலாவுக்கும் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. மூட்டு நோவு போகவில்லை. முழங்கால் மடக்க முடியாது, மணிக்கட்டு வீங்கிப் பேனை பிடிக்க முடியாது. மூன்று கிழமை கட்டிலும் சாய்மனைக் கதிரையுமாகக் கிடந்தாள். வீட்டிலுள்ள எழுத்தெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் அண்ணன் மனைவியான மச்சாள் குணலட்சுமியிடம் அரிசிமாப் பையின் பின்பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

அந்தக் கிழமைதான் ஜிஹானா அவளைப் பார்க்க வந்தாள். அதே கந்தோரில் தட்டச்சு வேலை பார்க்கிறவள். முப்பத்துநாலு வயது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு சோனகதெருவுக்குத் திரும்பி வந்தவள். கந்தோரில் இருவருக்கும் மேசைகள் எதிரெதிரே. ஜிஹானா ஒரு பை தோடம்பழமும், படம் பார்க்கிற தன்னுடைய டெப் கணினியும் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, இதுக்குள்ளை ஒரு ஜப்பான் அனிமே இருக்குது. 'மூடுபனிக் காவலர்' எண்டு பேர். என்ரை உயிர் இது. பாருங்கோ."

"கார்ட்டூனே?"

"கார்ட்டூன் எண்டு சொல்லாதேங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ."

தமிழில் இல்லை. ஜப்பான் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து. உதயகலாவின் ஆங்கிலம் உறுதி ஆங்கிலம். பழைய சட்டச் சொற்கள் எல்லாம் தெரியும், சாதாரணப் பேச்சு தெரியாது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, வாசித்து, விளங்கி, பிறகு விடுவாள். ஐந்து நிமிடப் பகுதி ஒன்றைப் பார்க்க அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. நிறுத்திய நேரமெல்லாம் படத்தின் சுவர், மேசை, அலுமாரி, மூலையில் தொங்கும் துணி என்று கண் போய்க்கொண்டிருந்தது.

மொத்தம் இருபத்துநாலு பகுதி. குளிர்கடல் நடுவே ஒரு தீவு, அதில் ஒரு வெளிச்சவீடு, அதைக் காவல் காக்கும் ஏழு பேர். எல்லாருக்கும் பூசணிக்காய் அளவு தலை, கட்டைவிரல் அளவு உடம்பு. கதை முழுக்க அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. தலைவர் ஒகினோ தினமும் சோறு வடிக்க வெளிக்கிட்டு அடிப்பிடிக்க விடுகிறார். மணி அடிக்கும் பெண் நாமிகோ வாய் மூடாமல் கதைக்கிறாள். மற்றவர்கள் ஒரு சொல் சொல்லவும் இடமில்லை. சமையற்காரன் தொரஜி நெருப்புப் பெட்டியைத் தொட்டால் போதும், மற்ற ஆறு பேரும் பாய்ந்து அவன்மேல் விழுந்து பறித்துவிடுவார்கள். அடுப்பை வேறு யாராவதுதான் மூட்ட வேண்டும். சாப்பிட இருப்பது ஏழு பேர், மேசையில் வைப்பது எட்டுக் கிண்ணம். எட்டாவதை யார் தின்பது என்று ஒவ்வொரு முறையும் அடிபிடி.

உதயகலா நோவை மறந்து சிரித்தாள். குணலட்சுமி வந்து எட்டிப் பார்த்து, "காய்ச்சல் திரும்பிட்டுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜிஹானா மறுபடி வந்தபோது உதயகலா சொன்ன முதற்சொல்லே, "நல்ல பகிடி, ஜிஹானா."

ஜிஹானாவின் முகம் போன விதத்தைப் பார்க்க வேண்டும். "பகிடியோ? ஒகினோ சாகிற இடமும் பகிடியோ?"

"ஆர் செத்தது? அந்தாள் சோத்தை எரிச்சதுக்கு மேலை ஒண்டும் செய்யேல்லையே."

ஜிஹானா டெப்பை வாங்கிப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் இருந்துவிட்டாள். "அல்லாஹ்! அக்கா, நீங்கள் பாத்தது உண்மைக் கதை இல்லை. மூலத்தொடர் முப்பத்தாறு பகுதி, டெப்பிலையே மற்றக் கோப்புப் பெட்டிக்குள்ளை கிடக்குது. உது அதிலை இருந்து பிறகு பகிடிக்குப் பிரிச்செடுத்த கிளை. 'சாப்பாட்டு மேசை' எண்டு பேர் வைச்சிருக்கினம். ஆரோ சேர்த்து அனுப்பினது. நான் திறந்தும் பாக்கேல்லை."

"ஏன் பாக்கேல்லை?"

ஜிஹானா டெப்பை மடியில் கவிழ்த்து வைத்தாள். மூலத்தொடரை அவள் பார்த்தது வாப்பா இஸ்ஸதீன் ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில். நோயாளர் வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்து பார்த்தாள். ஒகினோ விளக்கோடு மூடுபனிக்குள் நடந்துபோய்த் திரும்பி வராத பகுதியைப் பார்த்த கிழமைதான் வாப்பாவும் மௌத்தானார். "செத்த ஆக்களை வைச்சுப் பகிடி விடுறது எனக்குப் பிடிக்காது" என்றாள் கடைசியில்.

உதயகலா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் ஒரு கிளை இருந்தால் அது பிரிந்த இடத்தைப் பார்க்காமல் விடுகிற ஆளா அவள்? ஜிஹானா போனதும் மற்றப் பெட்டியைத் திறந்தாள்.

அங்கே அதே ஏழு பேர். தலை அளவாக, உடம்பு அளவாக, முகத்தில் தூக்கமில்லாத கறுப்பு. அந்தக் கடலில் வரும் மூடுபனி ஆட்களை விழுங்கும். விழுங்கப்பட்டவர்களின் குரலில் பிறகு கூப்பிடும். நாமிகோவைக் கண்டதும் உதயகலா, "இப்ப துவங்கப்போறாள்" என்று சிரிப்பதற்கு ஆயத்தமானாள். நாமிகோ கதைக்கவில்லை. முதற்பகுதியில் தாயை மூடுபனி கொண்டுபோனதிலிருந்து கடைசிவரை அவள் வாய் திறக்கவே இல்லை. மணி மட்டும் அடித்தாள். பகிடித் தொடரில் அவள் ஏன் அப்படிப் பொரிந்து தள்ளினாள் என்பது உதயகலாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

ஒகினோ முப்பத்தோராம் பகுதியில் போனார். அவர் போவார் என்று தெரிந்திருந்தும் உதயகலா அன்றைக்கு அடுத்த பகுதியைத் திறக்கவில்லை. ஜிஹானாவுக்கு அவர் ஒரு வீரன். உதயகலாவுக்கோ அவர் முதலில் சோற்றை எரித்துவிட்டு மூடியை மூடி ஒளிக்கிற மனிதன். அந்த மனிதன் சாகிறதைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு முப்பத்துநாலாம் பகுதி. மூடுபனி ஒகினோவின் குரலில் தொரஜியைக் கூப்பிட்டு, தெற்குப்பக்க விளக்கைக் கொளுத்தச் சொல்கிறது. தொரஜி நம்பிக் கொளுத்துகிறான். அந்த வெளிச்சத்தைப் பார்த்து வந்த படகு பாறையில் மோதுகிறது. அதில் நாமிகோவும் இன்னும் இருவரும். உதயகலா படத்தை நிறுத்திவிட்டு அவனுடைய கையைப் பார்த்தாள். கையில் நெருப்புப் பெட்டி.

அவள் சிரித்துச் சிரித்துப் பார்த்த பகிடி இதுதான். பெட்டியைத் தொட்டதும் ஆறு பேரும் பாய்ந்து பறித்தது இதற்குத்தான்.

கடைசிப் பகுதிக்குள் மற்ற இருவரையும் மூடுபனி கொண்டுபோய்விட, தொரஜி ஒருவன்தான் மிச்சம். விளக்கைத் துடைத்துவிட்டு, காவற்புத்தகத்தில் திகதி எழுதி மூடுகிறான். பதினொன்றாம் மாதம் ஒன்பதாம் திகதி.

இந்தத் திகதியில் உதயகலாவுக்கு ஏதோ தட்டியது. வீங்கிய விரலால் பகிடித் தொடரின் முதற்பகுதியை மீண்டும் திறந்தாள். அடுப்புக்கு மேலே சுவரில் நாட்காட்டி. முதல் தடவை பார்த்தபோதே அவள் கண்ணில் பட்டிருந்தது. எழுத்து விளங்காவிட்டாலும் எண் எல்லாருக்கும் எண்தான். பதினொன்று, பத்து. இரண்டாம் பகுதியில் பதினொன்று, பதினொன்று. பிறகு பன்னிரண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் கிழிந்துகொண்டு போனது.

அடுத்த கிழமை கைத்தடி ஊன்றியபடி கந்தோருக்குப் போனாள். ஜிஹானா தட்டச்சை நிறுத்துவதற்குள், "ஜிஹானா, இஞ்சை கேளும். பகிடித் தொடர் எப்ப நடக்குது எண்டு தெரியுமோ?" என்றாள்.

"அதுக்கு ஏது காலம்? எல்லாரும் உயிரோடை இருக்கினம் எண்டால் முந்தித்தானே நடந்திருக்க வேணும்?"

"இல்லை. மூலக்கதை முடிஞ்சதுக்கு அடுத்த நாள்."

"உங்களுக்கு விசரே, அக்கா? அடுத்த நாள் ஆர் இருக்கினம்? தொரஜி மட்டும்தானே."

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

ஜிஹானா தட்டச்சிலிருந்து கையை எடுத்தாள். தொரஜி தனியே அந்த மேசையில் இருந்துகொண்டு, எல்லாருக்கும் கிண்ணம் வைத்து, நாமிகோவைக் கதைக்க வைத்து, தன் கையிலிருந்து நெருப்புப் பெட்டியைப் பறிக்க ஆட்களை வைத்து... அவள் அந்த எண்ணத்தை முடிக்கவில்லை. "பகிடியைப் பகிடியாய் விடுங்கோவன்" என்றாள். ஆனால் குரல் இறங்கிப் போயிருந்தது.

"சரி, விட்டிடுவம். ஆனா அந்த எட்டாவது கிண்ணம் ஆருக்கு? ஏழு பேருக்குத்தானே கணக்கு. மூலத்திலை எட்டாவது ஆள் ஆரும் இருக்கினமோ? எங்கையாவது ஒரு பேர் வந்து போனதோ?"

இந்தக் கேள்வி ஜிஹானாவைப் பிடித்துக்கொண்டது. நாலு முறை பார்த்த தொடர். ஒவ்வொரு பாத்திரத்தின் பிறந்தநாளும் சொல்வாள். எட்டாவது ஆள் அவளுக்கும் தெரியவில்லை. பின்னேரம் கந்தோர் பூட்டும் நேரத்தில் அவளே சொன்னாள்: "அக்கா, நீங்கள் கண்டதெல்லாத்தையும் ஒரு கடுதாசியிலை எழுதித் தாங்கோ. தொடர் செய்த ஆக்களின்ரை இணையப் பக்கத்திலை போட்டுப் பாப்பம்."

உதயகலா எழுதிய கடுதாசி ஒரு உறுதி மாதிரியே இருந்தது. மூலத்தில் இத்தனையாம் பகுதியில் இன்னது, கிளையில் இத்தனையாம் பகுதியில் இன்னது என்று இருபத்தேழு இடம். எதிர்பாராமல் அந்தப் பக்கமாக வந்த செபநாயகம் அதை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கடைசிவரை வாசித்தார்.

"இது எந்தக் காணி, பிள்ளை?"

"காணி இல்லை, சேர். படம்."

"ம். தொடர்ச்சி நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

ஜிஹானா அதை ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டாள். ஒரு கிழமைக்குள் எங்கெங்கோ நாட்டு ஆட்களெல்லாம் வந்து வாசித்தார்கள். நாட்காட்டியை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. சிலர் அழுதோம் என்று எழுதினார்கள். சிலர் ஒரு சிரிப்புத் தொடரைக் கெடுத்துவிட்டீர்களே என்று ஏசினார்கள். பிரேசிலில் இருந்து ஒருவர் எட்டாவது கிண்ணம் மூடுபனிக்குத்தான் என்றார். இன்னொருவர் பார்க்கிற எங்களுக்கு என்றார். உதயகலா ஒவ்வொன்றையும் வாசித்து, "அதுக்கு ஆதாரம் எங்கை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் போனபின் நாலைந்து வரியில் ஒரு பதில் வந்தது. எழுதியவர் அந்தத் தொடருக்குப் பின்னணி வரைந்த ஒரு பெண். ஜிஹானா மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே வாசித்தாள்.

"கிண்ணம் என்னுடைய பிழை. முதல் நாள் மேசையை வரைந்தபோது எண்ணிக்கை தவறிவிட்டது. இயக்குநர் பார்த்துச் சிரித்து, அப்படியே இருக்கட்டும், அதையே பகிடியாக்குவோம் என்றார். நாட்காட்டி என்னுடைய பிழை அல்ல. அந்தத் திகதியைப் போடச் சொன்னார்கள், ஏனென்று நான் கேட்கவில்லை."

ஜிஹானாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. "இவ்வளவு பாடுபட்டு, கடைசியிலை கிண்ணம் ஒரு பிழையாம்."

உதயகலாவுக்கு அப்படி இல்லை. அவள் கண் பளபளத்தது. "பிழையாய் நட்ட வேலியும் பத்து வருஷம் அசையாமல் நிண்டால் அதுதான் எல்லை. வழக்குக் கோட்டிலையே ஒத்துக்கொள்ளுறாங்கள். ஆனா இந்த மனிசி ஏன் கேக்கேல்லை? திகதியைப் போடச் சொன்னால் ஏனெண்டு கேக்க வேண்டாமோ?"

ஜிஹானா சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு, "டெப் உங்களிட்டைத்தானே இருக்குது? முதற் பகுதியைப் போடுங்கோ" என்றாள்.

உதயகலா திரும்பிப் பார்த்தாள். "மெய்யே?"

"ஓம். போடுங்கோ, நான் மாறிக் கீறிச் சொல்லமுந்தி."

இரண்டு மேசைக்கும் நடுவில் டெப்பை நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். ஒகினோ பூசணிக்காய்த் தலையோடு வந்து, சோற்றுப் பானையைத் திறந்து, மணந்து பார்த்து, ஒருவரும் காணாமல் மூடினார். ஜிஹானா வாயைப் பொத்தினாள். சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். நாமிகோ பேசத் தொடங்கியபோது மட்டும், "இவ்வளவு கதையையும் எங்கை வைச்சிருந்தாள்?" என்று மெல்லக் கேட்டாள். ஒருநாளைக்கு இரண்டு பகுதி என்று பன்னிரண்டு மத்தியானம் அப்படிப் போனது.

கடைசிப் பகுதி முடிந்த அன்று ஜிஹானா டெப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "வாப்பா மௌத்தான பிறகு எங்கடை வீட்டிலை ஒருத்தரும் அவரைப் பற்றிப் பகிடியாய்க் கதைக்கிறேல்லை. அவர் சரியான பகிடியான மனிசன், அக்கா. தெரியுமோ? அவருக்குக் கோழியெண்டால் பயம்."

"கோழிக்கோ?"

"கோழிக்குத்தான். ரெண்டாயிரத்துப் பத்திலை வாப்பா முதல்லை தனிய வந்தவர், எங்கடை பழைய வீட்டைத் துப்புரவாக்க. கூரை இல்லை, கதவு இல்லை. குசினிக்குள்ளை போனால் ஒரு கோழி. அது ஒரு சத்தம் போட்டுதாம், மனிசன் ஓடிவந்து றோட்டிலை நிண்டவராம். இருவது வருஷம் இந்த வீட்டுக்கு வரவேணும் எண்டு கிடந்த மனிசன், ஒரு கோழிக்குப் பயந்து பள்ளிவாசல்லை போய்ப் படுத்தவர். புத்தளத்திலை எங்கடை மாமாமார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம்."

உதயகலாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, பழக்க தோஷம், ஒரு கேள்வி வந்தது. "எத்தினை நாள் பள்ளிவாசல்லை படுத்தவர்?"

"தெரியாது. கன நாள் எண்டு சொல்லுவினம்."

"கோழிக்குப் பயமெண்டால் ஆரையும் கூப்பிட்டுத் துரத்தலாமே?"

ஜிஹானா டெப்பைப் பைக்குள் வைத்தாள். "உம்மாவைத்தான் கேக்க வேணும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோல உதயகலா சோனகதெருவில் இறங்கினாள். ஜிஹானாவின் உம்மா ஸைனம்பு முன்னறையில் இருத்தி, இஞ்சித் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார். ஜிஹானாவே கதையை எடுத்தாள். கோழிப் பகிடியை மறுபடி முழுதாகச் சொன்னாள், வாப்பா ஓடிய ஓட்டத்தையும் எழும்பி நின்று செய்து காட்டினாள். ஸைனம்பு சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"உன்ரை மாமாமாருக்கு வாப்பா அப்பிடித்தான் சொன்னவர்" என்றார். "அவை சிரிக்கவேணும் எண்டு சொன்னவர். அந்த மனிசனுக்குக் கோழிக்குப் பயமில்லை, மகள். இரும்புக்கடை வைக்க முந்தி கோழி யாவாரம் செய்தவர்."

ஜிஹானா நின்றபடியே நின்றாள். "அப்ப ஏன் ஓடினவர்?"

"ஓடேல்லை. அது அடை கிடந்தது. எங்கடை குசினியிலை, நான் அடுப்பு வைச்சிருந்த இடத்திலை, சாம்பலுக்குள்ளை. ஆரின்ரை கோழி எண்டும் தெரியாது. எழுப்பினால் முட்டை கூழாய்ப் போயிடும் எண்டு, மனிசன் சத்தம் போடாமல் வெளியிலை வந்திட்டார். அது எழும்பிப் போகுமட்டும் வீட்டுக்குள்ளை ஒரு கல்லைக்கூட அசைக்கேல்லை. பகலிலை வந்து மதிலுக்கு வெளியிலை இருப்பாராம். இருவது வருஷம் இருந்தனான், இன்னும் இருவது நாள் இருந்தால் என்ன எண்டு எனக்கு ஃபோனிலை சொன்னவர்."

வெளியே ஒரு ஓட்டோ நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. ஜிஹானா மெல்ல வந்து உம்மாவின் பக்கத்தில் இருந்தாள். இந்தக் கதையை இத்தனை வருடமாக அவள் கேட்டதே இல்லை.

உதயகலா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கதிரையை ஸைனம்புவுக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"எத்தினை குஞ்சு பொரிச்சதாம்?" என்று கேட்டாள்.

"ஒன்பது" என்றார் ஸைனம்பு உடனேயே.